வெடித்த வீட்டுக்கு ஈடு: திருத்தமா, காசா, வழக்கா? வரி எதில் வரும்?

மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி மண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அத்திவாரம் ஆழமில்லாத வீடு அதோடு சேர்ந்து அசைந்து வெடிக்கும். "மண்ணின் பிழை" என்று ஒப்பந்தகாரர் கைவிரிப்பார். மண்ணைப் பார்த்து அத்திவாரம் வெட்டுவது அவர் பொறுப்பு.

அவரையே திருத்தச் சொல்வது முதல் வழி. காசு கைமாறாது, வருமான வரிக் கேள்வியும் எழாது. பூச்சில் மட்டும் மயிரிழை வெடிப்பென்றால் இது போதும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடிக் கல்லையே பிளந்த வெடிப்பென்றால் சம்மதிக்காதீர்கள். சாந்து அடைத்துப் பெயின்ற் பூசினால் அடுத்த மாரியில் அதே கோட்டில் திறக்கும்.

இரண்டாவது, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும், இரு தரப்பையும் பேசி இணங்க வைக்கும் மத்தியஸ்த சபை மூலம் காசாக வாங்குவது. சட்டத்தரணி தேவையில்லை, செலவும் சொற்பம். வன்னியில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே பொருத்தம். ஆனால் இணங்கிய காசைத் தராதவரின் சொத்தில் கைவைக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை. ஆகவே நீண்ட தவணைக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

மாவட்ட நீதிமன்றம் கடைசி வழி. எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டால் 6 வருடம், வாய்ப் பேச்சென்றால் 3 வருடம்தான் அவகாசம். சபையின் தொகை வரம்புக்குள் வரும் பிணக்குக்கு, இணக்கமில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் வழக்கு வைக்க முடியாது. மேசனோடு வாயால் பேசிக் கட்டியவர்கள் 3 வருடத்தை மனதில் வைத்து முதலில் சபைக்குப் போக வேண்டும்.

காசாக வாங்கும் இரண்டு வழியிலும் வரி ஒரே விதிப்படிதான்: ஈடு எதற்குப் பதிலாக வருகிறதோ, அதன் தன்மையையே எடுக்கும். ரூபா 480,000க்கு இணக்கம் என்று வைப்போம். அதில் 300,000 சுவரைத் திரும்பக் கட்ட, 120,000 இழந்த வாடகை, 60,000 தாமத வட்டி. முதற்பங்கு நட்டத்தின் மீட்பு, வருமானம் அல்ல. மற்ற இரண்டும் வருமானம். 2025/2026 வரியாண்டு முதல் தனியாள் நிவாரணம் (வரியில்லாமல் விடப்படும் வருட வருமானம்) ரூபா 18 இலட்சம், எனவே வேறு வருமானம் குறைந்தவருக்கு வரி வராது. சம்பளமோ கடையோ உள்ளவருக்கு வரலாம். "மொத்தம் 480,000" என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்தால், எது திருத்தச் செலவு என்று பிறகு நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். இணக்கப் பத்திரத்தில் பங்குகளைப் பிரித்து எழுதுவிப்பதே இந்த விடயத்தில் மிகப் பெறுமதியான வேலை. தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடும் சீமெந்து, கம்பி பில்களும் அதற்கு ஆதாரம்.

கடையோடு சேர்ந்த வீடென்றால் கவனம். முன்பே தொழில் செலவாகக் கழித்த திருத்தத்துக்கு ஈடு கிடைத்தால், அது வருமானமாகத் திரும்பும்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிக் கிளிநொச்சியில் கட்டுவித்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். 3 வருடம் சொந்தமாக இருந்து, அதில் குறைந்தது 2 வருடம் வசித்த பிரதான வசிப்பிடத்தை விற்கும் இலாபத்துக்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் அது இலங்கையில் வதிபவருக்கே. விலக்கில்லாதவர் பிறகு விற்று இலாபத்தைக் கணக்கிடும்போது, ஈடாகக் கிடைத்த 300,000ஐத் தன் கட்டடச் செலவில் மறுபடி சேர்த்துக் காட்ட முடியாது.

ஈட்டுக் காசை நிலையான வைப்பில் போட்டால் வட்டியில் வங்கி 10% பிடிக்கும். மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாத, இலங்கையில் வதிபவர் சுயபிரகடனம் கொடுத்து அந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம்.