சாவி யார் கையில்? கிளவுட், வாடகை சர்வர், வீட்டு சர்வர்: ஓர் ஒப்பீடு

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் வரம்பற்ற இலவசச் சேமிப்பை நிறுத்தியபோது, வேறெங்கே இடம் கிடைக்கும் என்றுதான் பெரும்பாலோர் தேடினார்கள். நானும் அப்படித்தான் தேடத் தொடங்கினேன். கிளவுட், வாடகை சர்வர், வீட்டு சர்வர் என மூன்றிலும் குடும்பப் படங்களை வைத்துப் பார்த்த பிறகு, நான் இப்போது கேட்பது ஒன்றைத்தான்: பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது?

தரவு அழியாமல் காப்பதில் பெருநிறுவனக் கிளவுடை வீட்டு சர்வரால் வெல்ல முடியாது. அங்கே ஒரு டிஸ்க் பழுதானால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. படங்களைக் குறியாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றித்தான் வைக்கிறார்கள், ஆனால் சாவியும் அவர்களிடமே இருக்கிறது. கூகுளில் 'கடற்கரை' என்று தேடியதும் அலையும் மணலும் வந்து நிற்கின்றன என்றால், அவர்களுடைய கணினி நம் படங்களைத் திறந்து பார்த்திருக்கிறது என்றுதான் பொருள். நிறுவனம் பார்க்க முடிந்ததை அரசும் கேட்டுப் பெற முடியும் என்பதை 2013இல் அமெரிக்க உளவு அமைப்புக்காகப் பணியாற்றிய எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொண்டுவந்த ஆவணங்கள் காட்டிவிட்டன. ஆப்பிள் 2022 டிசம்பரில் தன் கிளவுடான ஐகிளவுடில் உள்ள படங்களுக்கும், சாவி பயனரிடம் மட்டுமே இருக்கும் எண்ட்-டு-எண்ட் குறியாக்கம் கொண்டுவந்தது. பயனரே அதை இயக்கிக்கொள்ள வேண்டும். 2025 பிப்ரவரியில், பிரிட்டன் அரசின் நெருக்குதலுக்குப் பின், அந்நாட்டின் புதிய பயனர்களுக்கு அந்த வசதி இல்லாமல் போனது. தந்தவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய தனியுரிமை அது.

வாடகை சர்வரைப் பலர் 'சொந்த சர்வர்' என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அது இன்னொருவர் இயந்திரத்தில் ஓடும் மெய்நிகர்க் கணினி. அந்த இயந்திரத்தை ஆள்பவர் நினைத்தால் டிஸ்க்கை நகலெடுக்கலாம், நினைவகத்தையும் படிக்கலாம். டிஸ்க்கைப் பூட்டினாலும், சர்வர் ஓடும் நேரமெல்லாம் சாவி அந்த நினைவகத்தில்தான் கிடக்கிறது. பராமரிப்புப் பாரம் முழுக்க நம்முடையது, நம்பிக்கையோ இன்னும் அடுத்தவர் மீது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில், சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, வேறிடத்தில் பேக்கப் வைக்காத பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

மிச்சமிருப்பது வீட்டு சர்வர். பழைய மடிக்கணினி ஒன்று போதும். அதன் பேட்டரி, மின்தடையின்போது சிறு யுபிஎஸ் ஆகவும் உதவும். அதில் லினக்ஸ், படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட் என்ற செயலிகள். திருடு போனாலும் படிக்க முடியாதபடி டிஸ்க்கை லினக்ஸின் குறியாக்க வசதியான லக்ஸ் கொண்டு பூட்டிவிடலாம்.

ஆபத்து வெளியிலிருந்து எட்டிப் பார்க்கும் இடம் ரவுட்டர். தொடக்கத்தில், வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் வாசலான 22ஆம் எண் போர்ட்டைத் திறந்து வைத்தேன். சில மணி நேரம் கழித்துப் பதிவுக் கோப்பைத் திறந்தால் 'ரூட்', 'அட்மின்', 'டெஸ்ட்' என்ற பெயர்களில் உள்நுழைவு முயற்சிகள் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தன. யாரும் என்னைக் குறிவைக்கவில்லை, தானியங்கி நிரல்கள் எல்லா வீட்டுக் கதவுகளையும் தட்டிப் பார்க்கின்றன. 2022 ஜனவரியில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல், இப்படி இணையத்துக்குத் திறந்திருந்த கியூநேப் நிறுவனச் சேமிப்புப் பெட்டிகளைத்தான் பூட்டியது. பதிவுக் கோப்பைப் பார்த்த அன்றே நான் போர்ட்டை மூடிவிட்டு வயர்கார்டு அமைத்தேன். 2020 மார்ச்சில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.6ஆம் பதிப்பிலேயே சேர்ந்துவிட்ட விபிஎன் (பூட்டிய தனிப்பாதை) அது. சரியான சாவி இல்லாதவர்களுக்கு அது பதிலே சொல்லாது.

ஆனால் என் படங்களுக்கு உண்மையில் கேடு விளைவித்தது நான்தான். டிஸ்க் செயலிழந்தபோது பேக்கப்பிலிருந்து எல்லாப் படங்களும் பத்திரமாகத் திரும்பின. ஆல்பங்கள் திரும்பவில்லை. முகங்களுக்கு நாங்கள் ஒவ்வொன்றாகச் சூட்டிய பெயர்களும் இல்லை. அவையெல்லாம் இம்மிச்சின் தரவுத்தளத்தில் தனியாக இருந்தன, நான் படக் கோப்புறையை மட்டுமே நகலெடுத்து வந்திருந்தேன். சொந்த சர்வர் வைப்பவர் எவரும் முதல் வாரத்திலேயே வேறொரு கணினியில் பேக்கப்பை மீட்டெடுத்துப் பார்த்துவிட வேண்டும். கிளவுடில் இந்த வேலையை யாரோ நமக்காகச் செய்துகொண்டிருந்தார்கள்.

மின்னஞ்சலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். வீட்டு இணைப்புகளில் அஞ்சல் வெளியே போகும் 25ஆம் எண் போர்ட் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும், மீறி அனுப்பினாலும் ஸ்பேமில் விழும். எதிர்முனையில் இருப்பவரின் பிரதி எப்படியும் ஏதோ ஒரு பெருநிறுவனத்திடம்தான் இருக்கப்போகிறது.

சர்வரைக் கவனிக்க நேரமில்லாதவர்களுக்கு, எண்ட்-டு-எண்ட் குறியாக்கம் தரும் எண்ட்டே போன்ற படச் சேமிப்புச் சேவை வாடகை சர்வரைவிட நிச்சயம் மேல். நேரம் இருப்பவர்களுக்கு என் ஓட்டு வீட்டு சர்வருக்கே. பேக்கப்புக்கு மட்டும் நான் கிளவுடை விடவில்லை. படங்களும் தரவுத்தளமும் தினமும் இரவில் ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரல் மூலம் இங்கேயே பூட்டப்பட்டு, பூட்டிய பொதிகளாகவே அங்கே போகின்றன. அதன் கடவுச்சொல்லையும் மீட்கும் கட்டளைகளையும் ஒரு தாளில் எழுதித் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். சென்ற மாதம் அவள் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அம்மாவின் படம் ஒன்றை மீட்டெடுத்தாள்.