“லைசென்ஸ் நாங்க பாத்துக்கறோம்க்கா”

பொருட்காட்சி, உணவுத் திருவிழா, கோயில் திருவிழா என்று எங்கேயாவது சாப்பாட்டு ஸ்டால் போட நினைக்கிறவர்கள், முக்கியமாக என்னைப் போல வீட்டில் செய்து விற்றுவிட்டு முதல் தடவை வெளியே கடை விரிக்கிறவர்கள், யாருக்கும் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 8,500 ரூபாயும், நான்கு நாள் ஸ்டால் வாடகை 16,000 ரூபாயும், ஆட்டி வைத்த பத்துப் படி மாவும் போயிற்று.

பிறந்தது காரைக்குடிப் பக்கம், வாக்கப்பட்டது திருச்சி. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி எல்லாம் எங்கள் அபார்ட்மெண்ட்டில் ஆர்டர் எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். 2024 மே மாதம், கோடை விடுமுறைக்கு ஒரு மைதானத்தில் உணவுத் திருவிழா நடக்கிறது, ஸ்டால் காலி இருக்கிறது என்று வாட்ஸ்அப் குழு ஒன்றில் செய்தி வந்தது. என் நாத்தனாரும் நானும் ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு ஒரு ஸ்டால் பிடித்தோம்.

வாடகையை வாங்கிக்கொண்ட பிறகுதான் நடத்துகிறவர் சொன்னார்: “ஃபுட் லைசென்ஸ் காப்பி வேணும்க்கா. இல்லைன்னா ஒண்ணும் பிரச்சினை இல்ல, நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்.”

நம்ம ஆள் மறுநாளே வீட்டுக்கு வந்தார். கையில் ஃபைல், சட்டைப்பையில் இரண்டு பேனா. நாத்தனார் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே பேசினார். “நீங்களா போனீங்கன்னா மூணு மாசம் அலைய விடுவாங்கக்கா. டெம்பரவரி ஸ்டாலுக்கு லைசென்ஸே தனி. ஃபீஸ் மட்டும் ஆறாயிரத்துச் சொச்சம். கார்ப்பரேஷன், ஹெல்த், ஃபயர் எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து ஐந்நூறு குடுங்க, லைசென்ஸ் நாங்க பாத்துக்கறோம்க்கா.” ஆதார் நகலும் ஒரு போட்டோவும் வாங்கிக்கொண்டார். மருத்துவச் சான்றும் அவரே ‘போட்டு’த் தருவாராம். போட்டும் தந்தார். எந்த டாக்டரும் என்னைப் பார்க்கவில்லை, ரத்தம்கூட எடுக்கவில்லை. அதில் நான் முழு ஆரோக்கியம்! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தது. என் பெயர், என் போட்டோ, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) சின்னம், பதினான்கு இலக்க எண். லேமினேட் செய்து ஸ்டாலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம்.

முதல் நாள் மாலை நல்ல கூட்டம். வரமிளகாய்ச் சட்னி இரண்டு தடவை தீர்ந்து, நாத்தனார் வீட்டுக்கு ஓடிப்போய் மறுபடி அரைத்துக் கொண்டுவந்தாள். இரண்டாம் நாள் ஐந்து மணி இருக்கும், உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒரு அம்மா, கூட இரண்டு பேருடன் வந்தார். அந்த வருடம் பிப்ரவரியில்தான் ரோடமின் பி என்ற சாயம் கலந்ததற்காகப் பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாட்டில் தடை செய்திருந்தார்கள். ஏப்ரலில் திரவ நைட்ரஜன் ஊற்றிய ‘ஸ்மோக் பிஸ்கட்’ விவகாரம் வேறு. அதனால் எல்லா ஸ்டாலையும் சல்லடை போட்டுச் சலித்தார்கள். எங்கள் எண்ணெயைப் பார்த்தார், சட்னியில் கலர் போட்டிருக்கிறோமா என்று கேட்டார், இல்லை. வீட்டு உபயோகச் சிவப்பு சிலிண்டரைப் பார்த்ததும் முகம் மாறியது. “இதை வச்சு வியாபாரம் பண்ணக் கூடாதும்மா, 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான் வைக்கணும்.” வீட்டு சிலிண்டரே போதும் என்று சொன்னதும் நம்ம ஆள்தான்.

அப்புறம் சான்றிதழைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“இதை யாரும்மா எடுத்துக் குடுத்தது?”

சொன்னேன். அவர் தன் போனிலேயே ஃபாஸ்காஸ் என்ற, உணவு லைசென்ஸும் பதிவும் தருகிற அரசுத் தளத்தைத் திறந்து அந்த எண்ணைப் போட்டுக் காட்டினார். வந்தது பெங்களூருவில் இருக்கிற ஒரு பேக்கரியின் பெயர்.

எண்ணை வைத்தே எப்படிச் சந்தேகப்பட்டார் என்று கேட்டேன். எனக்குப் புரியும்படி சொன்னார். பதினான்கு இலக்கத்தில் முதல் இலக்கம் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் பதிவு. எங்களைப் போன்ற சின்ன வியாபாரத்துக்குப் பதிவுதான், லைசென்ஸே கிடையாது. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 24, கர்நாடகாவுக்கு 12. ஆக, திருச்சியில் பணியாரம் சுடுகிற என்னுடைய எண் 224 என்று தொடங்க வேண்டும். என் சுவரில் தொங்கியது 112. எனக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது, அடுப்புச் சூட்டினால் அல்ல.

இரண்டு ஸ்டால் தள்ளி ஜிகர்தண்டா போட்டிருந்த தம்பியும் அதே ஆளிடம்தான் வாங்கியிருந்தான். அவன் சான்றிதழை எடுத்துவந்து ஒப்பிட்டோம். பெயரும் போட்டோவும்தான் வேறு. பதினான்கு இலக்கமும் ஒன்றே.

அந்த அம்மா அபராதம் போடவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். எழுதி வாங்கிக்கொண்டு, பதிவு எடுக்கும்வரை விற்கக் கூடாது என்று மூடச் சொன்னார். நடத்துகிறவரிடம் ஓடினேன். இரண்டு நாள் முன்பு வரை ‘அக்கா’ என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், “உரிமம் ஸ்டால்காரங்க பொறுப்புன்னு ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே மேடம்” என்றார். போட்டிருந்தேன், படிக்காமல். வாடகை திரும்பாது என்பதும் அதே தாளில் இருந்தது. நம்ம ஆள் அன்றிரவு போனை எடுக்கவில்லை, மறுநாள் என்னை பிளாக் செய்துவிட்டார்.

அவர் வசூலித்த ‘கார்ப்பரேஷன், ஃபயர்’ கணக்கையும் அந்த அலுவலரிடமே கேட்டேன். மைதானத்துக்கான மாநகராட்சி, போலீஸ், தீயணைப்பு அனுமதிகளை விழா நடத்துகிறவர்தான் மொத்தமாக வாங்க வேண்டும், பணியாரக் கடைக்காரியிடம் அதற்குத் தனியாகக் காசு வாங்க என்ன இருக்கிறது என்றார்.

வயிற்றெரிச்சல் எங்கே வந்தது தெரியுமா? நான்காவது நாள் இரவு நானே உட்கார்ந்து அதே தளத்தில் பதிவுக்கு விண்ணப்பித்தேன். அப்போது, 2024இல், வருட விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு போதும் என்று இருந்தது. நடமாடும் வியாபாரி, தற்காலிக ஸ்டால் வைப்பவர் எல்லாரையும் 2011ஆம் ஆண்டு விதிமுறையே இந்தப் பிரிவில்தான் சேர்த்திருக்கிறது. (திருவிழாவில் அன்னதானம் வழங்குவதும் இதில் அடக்கம், நிறையப் பேருக்குத் தெரியாது.) அடையாள அட்டை, போட்டோ, முகவரி, என்ன உணவு என்ற விவரம், அவ்வளவுதான். மாமியார் சீரியல் பார்த்து முடிப்பதற்குள் முடித்துவிட்டேன். கட்டணம் அப்போது வருடத்துக்கு 100 ரூபாய். எட்டாயிரத்து ஐந்நூறு இல்லை, நூறு. விண்ணப்ப எண் ஒன்று வந்தது, அதை வைத்து எங்கே நிற்கிறது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். ஏழு நாளுக்குள் பதிவைத் தர வேண்டும், அல்லது நிராகரிக்க வேண்டும், அல்லது நேரில் ஆய்வு செய்யப்போவதாகச் சொல்ல வேண்டும் என்று விதி. எனக்கு ஐந்தாம் நாள் வந்தது. 224 என்று தொடங்கியது. பத்துத் தடவையாவது எண்ணிப் பார்த்திருப்பேன்.

கம்ப்யூட்டர் பழக்கமில்லாதவர்கள் இ-சேவை மையத்திலோ பிள்ளைகளிடமோ கொடுத்துச் செய்யலாம். ஆனால் போன் நம்பர் உங்களுடையதாகவே இருக்கட்டும். என் விஷயத்தில் புரோக்கர் தன் நம்பரைப் போட்டிருப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் விண்ணப்பமே போடவில்லை என்பது வேறு கதை. யாராவது சான்றிதழ் கொடுத்தால், அவர் காபி குடித்து முடிப்பதற்குள் அந்த எண்ணைத் தளத்தில் போட்டுப் பாருங்கள். வருகிற பெயர் உங்களுடையதுதானா, ஊர் உங்களுடையதுதானா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். வாடகை கட்டும் முன் ஃபார்மைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உரிமம் உங்கள் பொறுப்பு என்று எழுதிவிட்டு ஆளையும் அவர்களே அனுப்புகிறார்கள் என்றால், அந்த ஆளுக்கும் அவர்களுக்கும் என்ன உறவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். ஜிகர்தண்டா தம்பியும் கையெழுத்துப் போட்டான். பணம் இன்னும் வரவில்லை.

போன வாரம் அதே வாட்ஸ்அப் குழுவில் அடுத்த விழாவுக்கு விளம்பரம் வந்தது. ‘ஸ்டால் புக்கிங் ஆரம்பம், ஃபுட் லைசென்ஸ் வசதி உண்டு’ என்று போட்டு, கீழே மாதிரிக்கு ஒரு சான்றிதழ். பெயரையும் போட்டோவையும் மறைத்திருந்தார்கள். எண்ணை மறைக்கவில்லை. 112 என்று தொடங்கியது.