புராஜெக்ட் குட்டன்பர்க் தளமும் நான்கு பதின்வயதுப் பேய்க்கதைப் பித்தர்களும்

பதினொன்றாம் வகுப்புத் தேர்வு முடிந்து மார்ச் இறுதியில் வீடு திரும்பிய என் மகள், புத்தகப் பையை ஊஞ்சலில் போட்டுவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, டிராகுலாவுக்கு முன்பே இரத்தம் குடிக்கும் பெண்ணைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்பதுதான். ஐரிஷ் எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ 1872இல் நூலாக வந்தது என்றும், 1897இல் வந்த ‘டிராகுலா’வைவிட அது 25 ஆண்டுகள் மூத்தது என்றும் சொன்னேன். அன்று இரவு பதினொரு மணிக்கு அவள் அறையில் கைப்பேசி வெளிச்சம் தெரிந்தது. திட்டுவதற்காக உள்ளே போனவன், அவள் கார்மில்லாவின் மூன்றாம் அத்தியாயத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, புத்தகம் எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன். காப்புரிமை முடிந்த நூல்களை இலவசமாகத் தரும், இருபது ஆண்டுகளுக்கு முன்பு நான் சிலமுறை பயன்படுத்திவிட்டு மறந்துபோயிருந்த புராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளம், அவளும் அவளுடைய மூன்று தோழிகளும் நாள்தோறும் புழங்கும் நூலகமாக இருந்தது அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கோடை முழுவதும் அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததையும், கூடவே படித்ததையும் வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

1971 ஜூலை 4 அன்று இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கணினியில் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து வைத்ததில் தொடங்கிய முயற்சி இது. இன்று அதில் 70,000க்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. பதிவு செய்ய வேண்டியதில்லை, கட்டணம் இல்லை, பதின்வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் மிகவும் அஞ்சுகிற விளம்பரமும் இல்லை. படங்கள் இல்லாத ஒரு நாவலின் கோப்பு கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிடச் சிறியதாக இருப்பதால், டேட்டா தீர்ந்துபோகும் மாதக் கடைசியிலும் ஒரு முழு நாவலை இறக்கிக்கொள்ள முடிகிறது. காதிக் புனைவு (பழைய கோட்டை, மர்மம், அமானுஷ்யம் கலந்த கதைகள்), துப்பறியும் புனைவு, திகில் எனத் தனித்தனி அலமாரிகள் உள்ளன. தளத்தின் தோற்றம் மட்டும் பழைய அரசு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையைப் போல இருக்கிறது. இந்த நான்கு பேருக்கும் அது ஒரு குறையாகவே படவில்லை. “பழைய வீடு மாதிரி இருக்கு, கதைக்குப் பொருத்தமா இருக்கு” என்றாள் ஒருத்தி.

இவர்களுடைய வாசிப்பு முறையில் என்னை மிகவும் கவர்ந்தது, டிராகுலாவை அவர்கள் தேதிப்படி படித்த விதம். அந்த நாவல் முழுவதும் நாட்குறிப்புகளாலும் கடிதங்களாலும் செய்தித்தாள் நறுக்குகளாலும் ஆனது. ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு. முதல் குறிப்பு மே 3. ஜோனாதன் ஹார்க்கர் என்ற இளம் வழக்கறிஞர், டிராகுலாவின் கோட்டைக்குப் போகும் வழியில் மிளகாய்ப் பொடி போட்ட கோழிக்கறி சாப்பிட்டுத் தாகத்தில் தவிப்பதும், தன் வருங்கால மனைவி மீனாவுக்காக அதன் செய்முறையைக் கேட்டு வாங்க வேண்டும் என்று குறித்துக்கொள்வதும் முதல் நாளிலேயே வந்துவிடுகின்றன. எந்தத் தேதிக்கு என்ன பகுதியோ அதை அந்தத் தேதியில்தான் படிக்க வேண்டும் என்பது இவர்களுடைய ஒப்பந்தம். புத்தகத்தில் முதல் நான்கு அத்தியாயங்கள் ஜோனாதனின் கதையை ஜூன் 30 வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மீண்டும் மே 9க்குத் திரும்பி மீனாவின் கடிதத்தைக் காட்டும். தேதிப்படி படித்தால் அந்த வரிசை கலைந்துவிடுகிறது. கோட்டையின் கதவுகள் எல்லாம் பூட்டியிருக்கின்றன என்று ஜோனாதன் மே 8இல் கண்டுபிடிக்கிறார். மறுநாள் மீனா, ஒன்றும் அறியாமல், தான் சுருக்கெழுத்துப் பழகுவதைப் பற்றித் தோழிக்கு எழுதுகிறாள். மே 31க்குப் பிறகு ஜூன் 17 வரை ஜோனாதனிடமிருந்து ஒரு வரியும் இல்லை. இதற்கிடையில் பள்ளி திறந்துவிட்டது. அந்த இரண்டரை வாரமும், ஒரே நாளில் முழு நாவலையும் இறக்கி வைத்திருந்தும் ஒருத்தியும் முன்னால் புரட்டிப் பார்க்கவில்லை என்று நால்வரும் சத்தியம் செய்கிறார்கள். நான் நம்பவில்லை.

இந்த விளையாட்டுக்குக் குட்டன்பர்க்கின் கோப்புகள் மிகவும் ஒத்துழைத்தன. முழு நாவலும் ஒரே பக்கமாகத் திறப்பதால், மாதத்தின் பெயரைத் தேடல் பெட்டியில் இட்டால் அந்த மாதத்துக் குறிப்புகள் வரிசையாக வந்து நிற்கின்றன. அச்சுப் புத்தகத்தில் இதைச் செய்ய முப்பது ஒட்டுச் சீட்டுகளாவது தேவைப்பட்டிருக்கும்.

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஒரு சண்டையில் போய் முடிந்தது. அதை எழுதத் தொடங்கியபோது ஆசிரியைக்கு 18 வயது என்று தெரிந்ததிலிருந்து, தங்களைவிட இரண்டே வயது மூத்த அக்காவின் புத்தகம் என்ற உரிமையோடுதான் நால்வரும் அதைப் பேசினார்கள். கதாநாயகன் விக்டரின் வீட்டில் வளரும் எலிசபெத் அவனுடைய அத்தை மகள் என்று என் மகள் சொன்னாள். இல்லை, இத்தாலியில் ஓர் ஏழைக் குடும்பத்திடமிருந்து தத்தெடுத்த அநாதைக் குழந்தை என்று தோழி சொன்னாள். இருவரும் பக்கத்தைத் திறந்து காட்டினார்கள், இருவருமே சரி. 1818இல் வந்த முதல் பதிப்பில் அவள் அத்தை மகள்தான். 1831இல் ஷெல்லி திருத்தி எழுதியபோது உறவைத் துண்டித்து அநாதையாக்கிவிட்டார். தோழி படித்தது கடையில் வாங்கிய மலிவு விலைப் பதிப்பு. அதில் எந்த ஆண்டின் வடிவம் என்ற குறிப்பே இல்லை. பதிப்பகத்தின் பெயர் இங்கே வேண்டாம். குட்டன்பர்க்கில் இரண்டு வடிவங்களும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. மூன்று தொகுதிகளாகப் பிரிந்திருந்தால் 1818, அத்தியாயங்கள் 24 வரை தொடர்ந்து போனால் 1831 என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். ஆனால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று அங்கே ஒருவரும் விளக்கிச் சொல்வதில்லை. இத்தளத்தின் பெரிய குறை என்று நான் கருதுவதும் இதையே: நூலைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. முன்னுரை எழுதிய பேராசிரியர் இல்லை, அடிக்குறிப்பு பெரும்பாலும் இல்லை.

‘வுதரிங் ஹைட்ஸ்’ படித்தபோது அந்த இல்லாமை நன்றாகவே உறைத்தது. அதில் வரும் ஜோசஃப் என்ற முதிய வேலையாளின் யார்க்‌ஷயர் பேச்சை எமிலி பிரான்டே ஒலிக்கு ஏற்றபடி எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறார். கரிசல் வட்டாரப் பேச்சை எழுத்தில் முதன்முதலாகப் பார்க்கும் சென்னைப் பிள்ளை எப்படித் திகைக்குமோ அப்படித்தான் இவர்களும் திகைத்தார்கள். உரக்கப் படித்தால் பாதி விளங்கும் என்று சொல்லிக் கொடுத்தேன். மீதிப் பாதியை அவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். ‘ஜெக்கிலும் ஹைடும்’ குறுநாவல் என்பதால் ஒரே இரவில் முடிந்தது, அதைப் பற்றிப் புகார் ஏதும் வரவில்லை.

கொலையும் களவும் என்று வரும்போது நான் முதலில் கையில் கொடுக்கச் சொல்வது வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’. சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 1868இல் தொடராக வந்ததால், ஒவ்வொரு தவணையும் வாசகரை அடுத்த வாரத்துக்கு இழுக்கும் கொக்கியோடு முடிகிறது. கதை தொடங்கும் இடம் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது: 1799 மே மாதம் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில், ஓர் ஆங்கிலேய அதிகாரி கொலை செய்து வைரத்தை எடுத்துக்கொள்கிறார். அது குஜராத்தின் சோமநாதர் கோயிலில் இருந்த சந்திரக் கடவுளுக்கு உரிய கல். ஆனால் வைரம் இங்கிலாந்தில் மீண்டும் காணாமல் போனதும் ஊர் முழுவதும் சந்தேகப்படுவது அதைத் தேடி வந்த மூன்று இந்தியர்களை. “முதல்ல திருடினவர் யாருன்னு முகவுரையிலேயே இருக்கே, இவங்க யாரும் அதைப் படிக்கலையா?” என்று என் மகள் கொதித்தாள். காலின்ஸ் அந்தக் கொதிப்பை வேண்டுமென்றேதான் மூட்டிவிட்டிருக்கிறார் என்பது என் எண்ணம். யார் எடுத்தார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

அகதா கிறிஸ்டியைத் தேடி வருகிறவர்களுக்குத்தான் இங்கே ஏமாற்றம் காத்திருக்கிறது. அவருடைய துப்பறிவாளர் எர்க்யூல் பொய்ரோ முதன்முதலில் தோன்றிய 1920ஆம் ஆண்டின் ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ உட்பட ஆரம்பகால நூல்கள் சில உள்ளன. பிள்ளைகள் மிகவும் விரும்பும் 1930களின் நாவல்கள் பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் அக்காலத்து நூல்களுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுக் காப்புரிமை உண்டு. இந்தியாவில் கணக்கு வேறு: ஆசிரியர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள். கிறிஸ்டி 1976இல் மறைந்தார் என்பதால் அவருடைய நூல்கள் அனைத்தும் இங்கே 2036 முடியும் வரை காப்புரிமைக்கு உட்பட்டவை. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் தத்தம் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் எழுதியிருக்கிறார்கள். பதினாறு வயதில் யாரும் அதைப் படிப்பதில்லை. கிறிஸ்டிக்கு மாவட்ட மைய நூலகமும் பழைய புத்தகக் கடையும்தான் வழி என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருக்கிறது. ஷெர்லாக் ஹோம்ஸில் இந்தத் தலைவலி இல்லை. கானன் டாயில் 1930இலேயே மறைந்துவிட்டதால் இங்கே எப்போதோ பொதுவுடைமையாகிவிட்டது, அமெரிக்காவிலும் 2023இல் கடைசிக் கதைகள் காப்புரிமையிலிருந்து விடுபட்டுவிட்டன.

எழுத்துப்பிழை பற்றி முன்பு எனக்கு ஐயம் இருந்தது. 2000இல் தொடங்கிய தன்னார்வலர் குழு ஒன்று, வருடிய பக்கத்தின் படத்தையும் கணினி படித்தெடுத்த எழுத்தையும் அருகருகே வைத்து, ஒரே பக்கத்தைப் பலமுறை வெவ்வேறு ஆட்களைக் கொண்டு திருத்துகிறது. நாங்கள் படித்த ஆறு நூல்களில் உறுத்தும் பிழை எதையும் நான் காணவில்லை. வயதுக்கேற்ற எச்சரிக்கை எந்த நூலிலும் கிடையாது. பத்து வயதுக் குழந்தை தனியாக உலவ வேண்டிய இடம் இது அன்று. பதினைந்தைத் தாண்டியவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அறிமுகமும் விளக்கமும் சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் இன்னும் நல்லது.

இதை எழுதும் இன்று ஆகஸ்ட் 8. டிராகுலாவின் கப்பல் புயலில் இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்துக்குள் நுழைவதைச் சொல்லும் செய்தித்தாள் நறுக்கு இந்தத் தேதிக்கு உரியது, நீளமானதும்கூட. நாளைக்குக் கணக்கியல் தேர்வு இருப்பதால், ஒன்பது மணிக்கு மேல் அரை மணி நேரம் மட்டும் என்று பேரம் பேசி முடித்துவிட்டு, என் மகள் இப்போது இருப்புநிலைக் குறிப்பு போட்டுக்கொண்டிருக்கிறாள்.