காரோடு கார் பேச இரண்டு மொழிகள்: டிஎஸ்ஆர்சியும் சி-வி2எக்ஸும்

குறுக்குச் சாலையில் கட்டடத்தின் மறைவிலிருந்து சிவப்பு விளக்கை மீறிப் பாய்ந்து வரும் கார், மனித ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது; தானோட்டிக் காரின் கேமராவுக்கும் லேசர் உணரிக்கும்கூடத் தெரியாது. ஆனால் அந்தக் கார் தன் இருப்பிடம், வேகம், திசை, பிரேக்கின் நிலை ஆகியவற்றை நொடிக்கு 10 முறை வானொலி அலையில் அறிவித்தபடி வருமானால், ஏறத்தாழ 300 மீட்டருக்குள் உள்ள மற்ற கார்கள் அதைக் கேட்டு முன்கூட்டியே விழித்துக்கொள்ளலாம். இந்த அறிவிப்பை அனுப்ப இரண்டு முறைகள் போட்டியிட்டன. ஒன்று, வைஃபை குடும்பத்தைச் சேர்ந்த டிஎஸ்ஆர்சி. மற்றொன்று, கைபேசித் தொழில்நுட்பத்திலிருந்து கிளைத்த சி-வி2எக்ஸ். இரண்டும் 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் இயங்குபவை. சுமந்து செல்லும் செய்தியும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் ஒன்றின் பேச்சு மற்றொன்றின் காதில் விழாது.

டிஎஸ்ஆர்சி பேசும் விதம் எளிமையானது. வேறு யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டு, அலை அமைதியாக இருந்தால் பேசும். இல்லையெனில் சிறிது காத்திருக்கும். சாலை காலியாக இருக்கும்போது தாமதமே இராது. நெரிசல் மிகும்போதுதான் சிக்கல்: ஒன்றையொன்று கேட்க முடியாத தொலைவில் உள்ள இரண்டு கார்கள் ஒரே கணத்தில் பேசிவிட்டால், நடுவில் உள்ள காருக்கு இரண்டு செய்திகளுமே சிதைந்துபோகும்.

சி-வி2எக்ஸ், பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போன்றது. கடந்த ஒரு நொடியில் எந்தெந்த நேரத் துண்டுகள் பயன்பட்டன என்று கவனித்து, காலியாகத் தோன்றும் ஒன்றைத் தனக்கென வைத்துக்கொண்டு, அதே இடைவெளியில் தொடர்ந்து அனுப்பும். சீரான இடைவெளியில் வரும் செய்திகளுக்கு இது பொருத்தமான ஏற்பாடு; அதே ஆற்றலில் சற்றுக் கூடுதல் தொலைவும் கிடைக்கிறது. குறையும் உண்டு. இரண்டு கார்கள் தற்செயலாக ஒரே துண்டைப் பிடித்துவிட்டால், இடத்தை மாற்றிக்கொள்ளும்வரை அந்த மோதல் பல சுற்றுகள் தொடரும். அத்தனை நேரமும் அவற்றால் ஒன்றையொன்று கேட்கவும் இயலாது. தவிர, எல்லாக் கார்களின் கடிகாரமும் செயற்கைக்கோள் நேரத்தோடு துல்லியமாக ஒத்திருக்க வேண்டும். கைபேசி வழி வந்தது என்பதால் இதற்குச் சிம் அட்டையும் கோபுரமும் தேவை என்று பலர் எண்ணுகிறார்கள்; அது சரியன்று. காருக்குக் கார் நேரடியாகப் பேசும் பகுதிக்கு இரண்டுமே வேண்டாம்.

தொழில்நுட்ப அளவில் சி-வி2எக்ஸ் ஓரளவு முந்துகிறது என்பதே என் கணிப்பு. ஆனால் இருபது ஆண்டுகளை இழப்பதற்குரிய அளவு வேறுபாடு அதில் இல்லை. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் இந்தப் பயன்பாட்டுக்கென 75 மெகாஹெர்ட்ஸை ஒதுக்கியது 1999இல். மிச்சிகனின் ஆன் ஆர்பரில் ஏறத்தாழ 3,000 வாகனங்களோடு டிஎஸ்ஆர்சி சோதனை தொடங்கியது 2012இல். எல்லா வாகனங்களிலும் பொருத்தினால், சந்திப்பு எச்சரிக்கை, இடப்புறத் திருப்ப எச்சரிக்கை என்ற இரண்டு வசதிகளால் மட்டுமே ஆண்டுக்கு 49 முதல் 1,083 உயிர்கள்வரை காக்கப்படலாம் என 2014இல் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டது. (இவ்வளவு அகன்ற வீச்சுள்ள மதிப்பீட்டைக் கொண்டு வாகன நிறுவனங்களின் மனத்தை மாற்றுவது எளிதன்று.) புதிய கார்கள் அனைத்திலும் டிஎஸ்ஆர்சியைக் கட்டாயமாக்கும் முன்மொழிவு 2016 டிசம்பரில் வந்தது. அடுத்த ஆண்டே சி-வி2எக்ஸின் முதல் தரநிலை நிறைவுற்றது. நிறுவனங்கள் இரு அணியாகப் பிரிந்தன. டொயோட்டா டிஎஸ்ஆர்சி பக்கம், ஃபோர்டு சி-வி2எக்ஸ் பக்கம். முன்மொழிவு சட்டமாகாமலே கிடந்து, 2023இல் திரும்பப் பெறப்பட்டது.

காத்திருந்ததன் இழப்பு இந்தத் துறையில் தனித்தன்மை கொண்டது. ஏர்பேக் வாங்கியவருக்கு அதன் பயன் அன்றே கிடைக்கும். வானொலி வாங்கியவருக்கோ, எதிரே வருபவரும் அதே வானொலியை வாங்கினால்தான் பயன். 2017ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் சிடிஎஸ் காரில் டிஎஸ்ஆர்சி இருந்தது. அதனோடு பேச, சாலையில் பெரும்பாலும் இன்னொரு சிடிஎஸ்தான் வர வேண்டியிருந்தது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சீனா 2018இல் 20 மெகாஹெர்ட்ஸை ஒதுக்கிச் சி-வி2எக்ஸ் பக்கம் நின்றது. ஜப்பானில் டொயோட்டா 2015 முதல் 760 மெகாஹெர்ட்ஸில் தனி வழி செல்கிறது. டிஎஸ்ஆர்சியின் ஐரோப்பிய உடன்பிறப்புக்கு ஆதரவாக ஐரோப்பிய ஆணையம் கொண்டுவந்த விதியை உறுப்பு நாடுகள் 2019 ஜூலையில் நிராகரித்தன. இருந்தும், அதே ஆண்டின் இறுதியில் ஃபோக்ஸ்வாகன் தன் எட்டாம் தலைமுறை கோல்ஃப் காரில் அதையே பொருத்தியது.

அமெரிக்காவில் 2020 நவம்பரில் தகவல்தொடர்பு ஆணையம் 75இல் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய 30ஐச் சி-வி2எக்ஸுக்கு வைத்தது. வென்றவருக்குக் கிடைத்தது பாதிக்கும் குறைவான நிலம். அடிப்படை எச்சரிக்கைகளுக்கு அது போதும். தன் கேமராவும் உணரியும் கண்டவற்றை ஒரு கார் மற்ற கார்களோடு பகிர்ந்துகொள்ளும் அளவுக்கு அது தாராளமானதன்று. தோற்ற பக்கத்திலும் உண்மையான பயன் இருந்தது: யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில், தாமதமாக ஓடும் பேருந்துக்கு மட்டும் பச்சை விளக்கை நீட்டிக்கும் ஏற்பாடு 2017 முதல் டிஎஸ்ஆர்சியில் இயங்கியது. அத்தகைய சாலையோரக் கருவிகளையெல்லாம் மாற்றியாக வேண்டிய நிலை வந்தது. இதற்கிடையே, வேமோ போன்ற தானோட்டி நிறுவனங்கள் இந்த வானொலியை எதிர்பாராமல் தங்கள் உணரிகளையே நம்பித் தெருவில் இறங்கிவிட்டன.

இன்று ஒரு நகராட்சி புதிதாக வாங்குவதானால் சி-வி2எக்ஸையே வாங்கும். அமெரிக்காவிலும் சீனாவிலும் வேறு வழியில்லை. ஒன்றை மட்டும் அது கவனித்தாக வேண்டும். டிஎஸ்ஆர்சியின் வாரிசான 802.11பிடி, பழைய கருவிகளோடும் பேசும்படி வடிவமைக்கப்பட்டது. சி-வி2எக்ஸின் 5ஜி வாரிசோ தன் 4ஜி முன்னோடியோடு பேசாது. இரண்டையும் கேட்க வேண்டுமானால் காரில் இரண்டு வானொலிகளையும் வைத்தாக வேண்டும்.