‘ஐரோப்பிய கிராமம்’ மாதிரி வளாகத்தில் கடை எடுக்கப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன் இதைப் பாருங்கள்

இதை எழுதுவது, அப்படிப்பட்ட வளாகத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள். எந்த வளாகம், யார் என்பதை விட்டுவிடுவோம். ஏமாற்று எந்தப் பத்தியில், எந்த இணைப்பில் ஒளிந்திருக்கிறது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். யாரும் திருட்டுக் கையெழுத்து போடவில்லை, எல்லாம் ஒப்பந்தத்திலேயே இருந்தது. வளாகத்தின் அழகுக்கு ஆகும் செலவு கடைக்காரர் தலையில் விழுகிற மாதிரி எழுதி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

குத்தகை அலுவலகத்தில் நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதிரி வளாகம் இருக்கும். ஓட்டுக் கூரை, மணிக்கூண்டு, நீரூற்று, கல் பாவிய தெரு, உள்ளே எரியும் குட்டி பல்புகள். தெருவில் அரை அங்குல மனிதர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். கொஞ்சம் குனிந்து பாருங்கள், எல்லோர் கையிலும் பை தொங்கும். நிஜத் தெருவில் அந்தப் பையைத்தான் காணோம்.

இந்த வகை வளாகத்துக்குக் கூட்டம் வரும், ஆனால் படம் பிடிக்க வரும். ஷாங்காய்க்குப் பக்கத்தில் 2006-இல் கட்டி முடித்த ஆங்கிலேய பாணி ‘தேம்ஸ் டவுன்’ கல்யாணப் படப்பிடிப்புக்குப் பேர் போனது. கடைகள் வெகுகாலம் காலியாகக் கிடந்ததற்கும் அதே அளவுக்குப் பேர் போனது. ஆகவே “மாதம் இத்தனை லட்சம் பேர் வருகிறார்கள்” என்ற கணக்கை நம்பாதீர்கள். வாசலில் உள்ள சென்சார், வெளியே போய்த் திரும்பி வருபவரையும் புது ஆளாக எண்ணும். ஊழியரையும் எண்ணும். ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு சனிக்கிழமை, இரண்டு நாளும் போய் வெளிவாசலில் உட்காருங்கள். வெளியேறும் 100 பேரில் எத்தனை பேர் கையில் கடைப் பை இருக்கிறது என்று எண்ணுங்கள். சாப்பாட்டுக் கடையின் பையைத் தனியாக எண்ணுங்கள். அந்த இரண்டு எண்ணும்தான் உங்கள் வியாபாரத்துக்கான கணக்கு.

அடுத்தது பரப்பளவு. சதுரமான கடை இங்கே கிடையாது. கோணல் சுவர், முன்னே தள்ளிய ஜன்னல், வளைவுத் தாழ்வாரம், சாய்கூரைக்குக் கீழே ஒரு மாடம். உள்ளளவு, அதாவது கார்பெட் ஏரியா, 400 சதுர அடி என்று வையுங்கள். பொது இடத்துக்கென்று 45 சதவீதம் ஏற்றி 580-க்கு வாடகை போடுவார்கள். சதுர அடிக்கு 100 என்றால் மாதம் 58,000. உண்மையில் நீங்கள் புழங்கும் இடத்துக்குச் சதுர அடிக்கு 145 கொடுக்கிறீர்கள். போதாததற்கு, நிமிர்ந்து நிற்க முடியாத மாடமும் அந்த 400-க்குள் சேர்ந்திருக்கும். லேசர் அளவுகோலோடு போய் நீங்களே அளந்து, எதுவரை அளந்தது, எவ்வளவு உயரத்துக்குக் கீழே கணக்கில் சேராது என்பதை வரைபடத்தில் குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு வாடகை பேசுங்கள்.

பெரும்பாலோர் விழுந்தது இதிலெல்லாம் இல்லை, வாடகை எந்த நாளில் தொடங்குகிறது என்பதில். “உள்வேலைக்கு 60 நாள் வாடகை இல்லை” என்பார்கள், கேட்க நன்றாக இருக்கும். அந்த 60 நாள் சாவி கொடுத்த தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். ஆனால் உங்கள் தச்சர் ஆணி அடிக்க வேண்டுமானால் முகப்பு வரைபடத்துக்கு வளாகத்தின் வடிவமைப்புக் குழு ஒப்புதல் தர வேண்டும். கொடுத்து இரண்டு வாரம் கழித்துப் பலகையின் எழுத்து வடிவம் சரியில்லை என்று திரும்பி வரும். திருத்திக் கொடுத்தால் விளக்கின் நிறம் சரியில்லை என்று வரும். மூன்றாம் முறை மரச்சட்டத்தின் பச்சை, அவர்கள் அட்டவணையில் உள்ள பச்சை இல்லையாம். 42 நாள் போய்விட்டது, மிச்சம் 18. இதற்கிடையே உங்கள் கடைக்கு மின்சாரமும் தண்ணீரும் வந்திருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. “ஒப்படைப்பு” என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தில் விளக்கமே இல்லாததால், பூட்டைத் திறந்து காட்டினாலே ஒப்படைத்ததாகிவிடுகிறது.

61-ஆம் நாள் வாடகைச் சீட்டு வரும். வளாகம் இன்னும் திறந்திருக்காது. நீரூற்றில் தண்ணீர் இருக்காது, எதிர்ச் சாரியில் தகரம் அடைத்திருக்கும், வாடகை மட்டும் ஓடும்.

இதற்கு மருந்து நான்கு வரி. ஒப்படைப்பு என்றால் பேசிய அளவு மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, ஒழுகாத கூரை எல்லாம் இருக்கும் நிலை என்று எழுத வேண்டும். வரைபடத்துக்கு 7 வேலைநாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் தந்ததாகக் கொள்ள வேண்டும். திருத்தங்களை முதல் முறையே மொத்தமாகச் சொல்ல வேண்டும், புதிதாக எடுத்து வரக்கூடாது. வாடகை தொடங்குவது உள்வேலை நாட்கள் முடிவதா, வளாகத்தில் பாதிக்கு மேல் கடைகள் திறப்பதா, இரண்டில் எது பிந்தியதோ அன்றுதான். கடைசி வரிக்கு மறுப்பார்கள். முழுதாக மறுத்தால், அதுவரை பாதி வாடகை என்றாவது வாங்குங்கள்.

இனி முகப்பு. படத்தில் அழகாக இருப்பதெல்லாம் வியாபாரத்தில் இடைஞ்சல். சிறு கட்டங்களாகப் பிரித்த ஜன்னலுக்குப் பின்னால் உடை மாட்டிய பொம்மையை நிறுத்தினால் சட்டத்துக்குச் சட்டம் அது துண்டு துண்டாகத்தான் தெரியும். தொங்கு இரும்புப் பலகை மட்டும்தான் அனுமதி, அதுவும் தலையணை அளவு. ஷட்டர் போடக்கூடாது என்பார்கள். அப்படியானால் திருட்டுக் காப்பீட்டுக்காரர் அதை ஏற்கிறாரா என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கண்ணாடி உடைந்தால் மாற்றுவது யார் என்றும் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் முகப்பைத் தொடக்கூடாதவரும் நீங்கள்தான், பழுது பார்க்க வேண்டியவரும் நீங்கள்தான்.

ஏசியின் வெளி யூனிட் தெருப்பக்கம் தெரியக்கூடாது என்று கூரைக்கோ பின்சந்துக்கோ அனுப்புவார்கள். செப்புக் குழாய் நீள நீளக் குளிர் குறையும், கேஸ் கூடுதலாக நிரப்ப வேண்டிவரும். தயாரிப்பாளர் தரும் நீள வரம்பையும் உயர வரம்பையும் தாண்டினால் கம்ப்ரசருக்கும் கேடு. பாதையை அளந்து பார்க்காமல் ஏசி வாங்காதீர்கள். உணவுக் கடை என்றால் புகைக்குழாய் கூரைக்கு மேலே போக வழி உண்டா, எண்ணெய்க் கழிவைப் பிடிக்கும் தொட்டி எங்கே என்று கேளுங்கள். ‘சூடான உணவுக்கு அனுமதி’ என்று எழுதிக்கொடுத்துவிட்டு, புகைபோக்கி வைத்தால் மணிக்கூண்டின் அழகு கெடும் என்பார்கள். 5 கிலோவாட் மின்சாரம் போதும் என்பார்கள். இரண்டு குழல் வைத்த ஒரு காபி இயந்திரமே 3 முதல் 4 கிலோவாட் இழுக்கும்.

கூரையை மழை பெய்து முடிந்த மறுநாள் போய்ப் பாருங்கள். இரண்டு சரிவு சேரும் பள்ளத்தில்தான் ஒழுகும். அலங்காரத்துக்கு வைத்த போலி மாட ஜன்னலைச் சுற்றியும் ஒழுகும். உள்கூரையில் பழுப்பு வளையம் இருந்தால் புது வண்ணத்துக்கு ஏமாறாதீர்கள்.

பராமரிப்புக் கட்டணத்தில் தொகையைவிட அதை வகுக்கும் எண்ணைப் பாருங்கள். வளாகம் மொத்தம் 1 லட்சம் சதுர அடி, ஆண்டுச் செலவு 30 லட்சம் என்றால் 580 சதுர அடிக்கு உங்கள் பங்கு 17,400. ஒப்பந்தத்தில் ‘வாடகைக்கு விட்ட பரப்பு’ என்று ஒரு சொல் இருந்து, 60,000 சதுர அடிதான் நிரம்பியிருந்தால் அதுவே 29,000. காலிக் கடைகளின் பங்கை உரிமையாளருக்குப் பதில் நீங்கள் கட்டுகிறீர்கள். கூட்டம் குறைந்து கடைகள் மூட மூட மிச்சமிருப்பவர் கட்டணம் ஏறும். கல் பாவியதைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவது, முகப்பு மரத்துக்கு முழு வண்ணம் அடிப்பது போன்ற பெருஞ்செலவுகள் பராமரிப்பில் சேரக்கூடாது என்றும் எழுத வேண்டும். அந்த மரம் பெரும்பாலும் ஒட்டுப்பலகை, வெயிலில் உரியும், அடிக்கடி அடிப்பார்கள்.

வாடகையோடு, ஓர் எல்லைக்கு மேல் போகும் விற்பனையில் சதவீதமும் கேட்டால் பயப்பட வேண்டாம், நேர்மையாகப் போட்டால் அது நல்ல ஏற்பாடு. ஆண்டு வாடகை 6,96,000, சதவீதம் 8 என்றால் விற்பனை 87 லட்சத்தைத் தாண்டிய பிறகுதான் கூடுதல் தர வேண்டும், 87 லட்சத்தில் 8 சதவீதம்தான் அந்த 6,96,000. அவர்கள் எல்லையை 60 லட்சம் என்று எழுதி வைத்தால், 87 லட்சம் விற்கும்போதே 2,16,000 அதிகம் போய்விடும். திரும்பி வந்த பொருள், வரி, கடை வழியாகப் போகாத ஆன்லைன் விற்பனை மூன்றையும் ‘விற்பனை’யிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள்.

வரைபடத்தில் பெரிய பிராண்டுகளின் சின்னம் ஒட்டியிருக்கும். கையெழுத்தான ஒப்பந்தமா, பேச்சுவார்த்தையா என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். அந்தக் கடை வராவிட்டாலோ பாதியில் போனாலோ உங்கள் வாடகை குறையும், ஆறு மாதத்துக்குள் வேறு வராவிட்டால் நீங்கள் விலகலாம் என்று எழுதாதவரை அந்தச் சின்னம் வெறும் ஸ்டிக்கர்தான். இன்னொன்று, கடைகளைத் துண்டு துண்டாகத் தனியாருக்கு விற்றுவிட்ட வளாகமா என்று விசாரியுங்கள். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1923-இல் தொடங்கிய ‘கன்ட்ரி கிளப் பிளாசா’ ஸ்பானிய பாணிக் கட்டடங்கள்தான். அது ஓடியதற்கு ஒரு காரணம், பல பத்தாண்டுகள் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. ஆளுக்கொரு கடை வைத்திருக்கும் இடத்தில் உங்கள் பக்கத்திலேயே அதே சரக்குக்கு இன்னொருவர் வந்தால் தடுக்க யாரும் இல்லை.

‘உரிமையாளர் விரும்பினால் வேறு கடைக்கு மாற்றலாம்’ என்ற பத்தி இருந்தால் அடித்துவிடுங்கள். முடியாவிட்டால், மாற்றும் செலவும் புது உள்வேலையும் அவர்கள் பொறுப்பு, புதுக் கடை அதே தெருவில், அதே அகல முகப்போடு இருக்க வேண்டும் என்று சேருங்கள். லாக்-இன், அதாவது இடையில் ஒப்பந்தத்தை விட்டு விலக முடியாத காலம், உங்களுக்கு மட்டும் மூன்று ஆண்டு, அவர்களுக்கு இல்லை என்பதும் அடிக்கடி கண்ணில் படாமல் போகிறது. வளாகம் வங்கியில் அடமானத்தில் இருந்தால், கடன் கட்டாமல் வங்கி எடுத்துக்கொண்டாலும் உங்கள் குத்தகை நிற்கும் என்று வங்கியிடமே கடிதம் வாங்க வேண்டும்.

காலி செய்யும்போது ‘பழைய நிலைக்குக் கொண்டுவா’ என்று முன்பணத்தில் கை வைப்பார்கள். பழைய நிலை எது என்பதற்குச் சான்று உங்களிடம் இருக்க வேண்டும். சாவி வாங்கும் அன்றே தரை, நான்கு சுவர், உள்கூரை, மின்பெட்டி, ஜன்னல் சட்டத்தின் உளுத்த மூலை எல்லாவற்றையும் படம் பிடித்து, அன்றே அவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, கிடைத்தது என்று ஒரு வரி பதில் வாங்கி வையுங்கள்.