கல் வாசல் போட்டு ஏழு வருஷம், படிக்குக் கீழே தேங்கிய தண்ணீர்

பாலக்கோட்டில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் பள்ளித் தோழன் போன வாரம் போனில் கேட்டான். "ஏப்பா, வாசலுக்குக் கல்லு போடலாமா, பேவர் பிளாக் போடலாமா? நீதான் கல்லு போட்டிருக்கியே, சொல்லு." அவன் கேட்டபோது எங்கள் வாசலில் பன்னிரண்டு கல்லைப் பெயர்த்து மறுபடி பதித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. வாயில் வந்ததெல்லாம் கோபமாகவே வந்தது. சரி, எழுதி அனுப்புகிறேன் என்று போனை வைத்தேன். கல்லின் விலை, அளவெல்லாம் அவனே விசாரித்துவிட்டான், அதனால் அதற்குள் போகவில்லை. இனி வருவது அவனுக்கு எழுதியது.

எங்கள் வீடு கிருஷ்ணகிரியில். முன்வாசல் 22 அடிக்கு 18 அடி. 2018-ல் வீடு முடிந்த கையோடு, பாரடைசோ கிரானைட்டில் 40 மில்லிமீட்டர் தடிமன், இரண்டடிக்கு இரண்டடி, பிளேம் பினிஷ் போட்டோம். பர்கூர், ஜெகதேவி பக்கம் போனால் ரோட்டோரமெல்லாம் கல் அறுக்கும் பட்டறைதான், இந்த மாவட்டத்தில் தோட்டத்து வேலிக்கே கல்தூண் நடுகிற ஆட்கள் நாம், அப்படியிருக்க வாசலுக்கு சிமென்ட் கட்டியை வாங்கிப் பரப்புவதா என்ற எண்ணம் அப்போது எனக்கு இருந்தது. அதில் பெரிய தவறு இருப்பதாக இன்றும் நினைக்கவில்லை.

பினிஷ் விஷயத்தில் மட்டும் கடைக்காரர் சொன்னதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. பாலிஷ் கல்லை வெளியில் போட்டால் நனைந்ததும் கால் நிற்காது. பிளேம் பினிஷ் என்றால் கல்லின் மேல் தீயைப் பாய்ச்சுவார்கள், மேல்பரப்பில் உள்ள துகள்கள் சூட்டில் வெடித்துத் தெறித்து சொரசொரப்பாகிவிடும். காலுக்குப் பிடிமானம் கிடைக்கும். ஆனால் அந்தச் சூட்டில் நிறமும் மங்கும். கடையில் பாலிஷ் மாதிரியில் பார்த்த ஊதாவும் பழுப்புமான அலை அலையான கோடுகள் வாசலில் பதித்த பிறகு வெளிறிக் கிடந்தன. முதல் இரண்டு மாதம் எனக்கு அது மனக்குறைதான்.

அப்புறம் முதல் மழை வந்தது. கல் நனைந்ததும் அடியில் ஒளிந்திருந்த கோடெல்லாம் எழுந்து வந்துவிட்டது. ஆற்றுத் தண்ணீர் ஓடுகிற மாதிரி, ஒரு கல்லில் தொடங்கிய அலை பக்கத்துக் கல்லில் வேறு பக்கம் திரும்பிப் போகும். அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருஷம் ஆகிறது, மழை தொடங்கினால் நான் இன்னமும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். இதை யாரும் எனக்கு முன்னாடி சொல்லவில்லை, விலைப்பட்டியலிலும் கிடையாது.

அதே மழையில்தான் பிரச்சினையும் வந்தது. மூன்றாவது வருஷத்திலிருந்து வாசற்படிக்கு நேர் கீழே தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. முதலில் சாப்பாட்டுத் தட்டு அளவு, பிறகு முறம் அளவு, போன ஐப்பசியில் மூன்று கல்லுக்குப் பரவிவிட்டது. மழையில்லாத மாதத்தில் வாசல் கழுவுகிற போர் தண்ணீர் அங்கேயே காயும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று உனக்கே தெரியும், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக வட்டம் படியும். தேய்த்தால் போகாது. ஆசிட் ஊற்றச் சொன்னார்கள், ஒரு தடவை ஊற்றினேன், கல் தாங்கியது, ஆனால் இடுக்கில் பூசியிருந்த சிமென்ட் அரித்துக்கொண்டு போனது. அந்த இடுக்கு வழியாக இன்னும் கொஞ்சம் தண்ணீர் கீழே இறங்கியது. அந்த ஆசிட்டை ஊற்றியிருக்கவே கூடாது.

மழைக்காலத்தில் அங்கே பாசி. சொரசொரப்பான கல்லும் பாசி படர்ந்தால் வழுக்கத்தான் செய்யும். போன ஐப்பசியில் அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு இறங்கும்போது கால் வழுக்கி, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்ததால் விழாமல் தப்பினார். அவருக்கு 71 வயது. அன்றிலிருந்து அந்த இடத்தைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதுவரை இது அழகுக் குறை என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தேன்.

முதலில் வேலை செய்த மேஸ்திரியைக் கூப்பிட்டேன். ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "வாட்டம் அன்னைக்குச் சரியாத்தாங்க சார் வச்சேன், மண்ணு உக்காந்திருச்சுங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கல்லைப் பெயர்த்துப் பார்த்தபோது அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. அஸ்திவாரம் தோண்டிய குழியில் சுவர் எழும்பிய பிறகு பக்கத்து இடைவெளியை மூடியிருந்தார்களே, அதில் செம்மண்ணோடு உடைந்த செங்கல், சிமென்ட் சாக்குக் கிழிசல், மரத்துண்டு எல்லாம் கிடந்தன. அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் திம்சுக்கட்டை போட்டு இடித்திருந்தால் அது இறுகியிருக்கும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டம் செய்திருக்கிறார்கள். கட்டிடம் கட்டியவர் செய்த வேலை அது, கல் பதித்தவர் செய்ததல்ல. அதன் மேல் போட்ட மெல்லிய கான்கிரீட்டும் மண்ணோடு சேர்ந்து இறங்கியிருந்தது.

ஆனால் மேஸ்திரி மேலும் எனக்குக் குறை உண்டு. அவர் கொடுத்த வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, அடிக்கு அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) அங்குலம், 18 அடிக்கு மொத்தம் இரண்டே கால் அங்குலம். வழவழப்பான தளத்துக்கு அது போதலாம், சொரசொரப்பான கல்லில் தண்ணீர் தயங்கித் தயங்கித்தான் ஓடும். கணக்குப் போட்டுப் பார். படியிலிருந்து முதல் மூன்றடியில் இருக்கும் வாட்டம் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அங்கே மண் ஓர் அங்குலம் இறங்கினால் தண்ணீர் தெருக்கேட்டுப் பக்கம் போகாது, வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். அதுதான் நடந்தது. அடிக்குக் கால் அங்குலம் கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் கேட்டு மட்டத்திலிருந்து படியடி வரை நாலரை அங்குலம் ஏறும், கடைசிப் படி குட்டையாகிவிடும், வயதானவர்கள் தடுக்குவார்கள், அதனால்தான் குறைத்தேன் என்றார் அவர். அந்தக் காரணமும் நியாயம்தான். படி கட்டுவதற்கு முன்பே வாசல் மட்டத்தை முடிவு செய்திருந்தால் இரண்டும் சரியாக வந்திருக்கும். நாங்கள் படியைக் கட்டி முடித்து, கேட்டு போட்டு, கடைசியில்தான் வாசலைப் பற்றி யோசித்தோம். வீட்டு வரைபடத்தில் வாசல் வெறும் வெள்ளைக் கட்டம்.

பழுதுபார்த்த கதை சுருக்கமாக: ஒரு கல் கிட்டத்தட்ட 40 கிலோ, இரண்டு ஆள் இல்லாமல் தூக்க முடியாது. பன்னிரண்டில் ஒன்று பெயர்க்கும்போதே உடைந்தது. அதே நிறத்தில் தேடி நாலு பட்டறை ஏறினேன், கிடைக்கவில்லை, ஒரு பாறையின் அலை இன்னொரு பாறையில் வராது. கடைசியில் போட்டது கொஞ்சம் சிவப்பு தூக்கலாகத் தெரிகிறது. நீ கல் போடுவதானால் நாலைந்து கல் கூடுதலாக வாங்கிச் சுவரோரம் சாய்த்து வை. பழைய மண்ணை இரண்டடி ஆழத்துக்கு அள்ளி, கிராவல் போட்டு அடுக்கடுக்காக இடித்து, நாலு அங்குலம் கான்கிரீட் போட்டுப் பதித்தார்கள். எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரம், மூன்று நாள்.

பேவர் பிளாக்குக்கும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அதை கிரஷர் டஸ்ட் என்ற கல்தூள் மேல்தான் அடுக்குகிறார்கள். எங்காவது இறங்கினால் ஒரே ஆள் கம்பியால் நெம்பி எடுத்து, தூளைக் கூட்டிப் போட்டுத் திரும்ப அடுக்கிவிடலாம், அரை நாள் வேலை. என் தங்கை வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். இடுக்கில் புல் முளைக்கிறது, எறும்பு மண்ணைத் தள்ளுகிறது, நிறம் இரண்டு வெயிலில் போய்விடுகிறது. இருந்தும் அங்கே தங்கையோ அவள் மாமியாரோ யாரும் வழுக்கி விழவில்லை.

வாசலில் எனக்கு ஒரு குறையும் இல்லாத இடம் செந்தூரா மாமரத்தடிதான். மரத்தைச் சுற்றி நாலடிக்கு வெறும் மண்ணாகவே விட்டோம், மழைத் தண்ணீர் அங்கே இறங்குகிறது, வேர் கல்லைத் தூக்கவில்லை. பக்கத்தில் ஆறடி நீளத்துக்கு ஒரே கல்லில் திண்ணை. மார்கழிக் குளிரில் பொழுது சாய்ந்த பிறகும் பகல் வெயிலின் சூடு அதில் இருக்கும், அம்மா போர்வையோடு போய் உட்கார்ந்துகொள்வார். சித்திரையில் ராத்திரி எட்டு மணி வரைக்கும் கிட்டே போக முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாம்பூ சமயத்தில் தத்துப்பூச்சி விழுந்தால் தேன் மாதிரி ஒட்டிக் கல் கறுத்துவிடும். அதைக் கழுவிக்கொள்ளலாம், அது எனக்குப் பொருட்டில்லை.

போன சனிக்கிழமை நல்ல மழை. நான் குடை பிடித்துக்கொண்டு படியடியில் நின்றேன். தண்ணீர் நிற்கவில்லை, ஓடியது. ஆனால் புதுசாகப் பதித்த வரிசையும் பழைய வரிசையும் சேருகிற இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு தேக்கம். சின்னதுதான். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் உனக்கு அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் நாலு வரியில் முடித்திருப்பேன்.

இப்போது நிதானமாக எழுதியும் என் பதில் மாறவில்லை. உங்கள் அப்பாவுக்கு முழங்கால் வலி, உன் வீட்டு அஸ்திவாரக் குழி போன மாதம்தான் மூடினார்கள் என்றாய். கல் வேண்டாம், இப்போதைக்கு எதுவுமே வேண்டாம். இரண்டு மழைக்காலம் மண் வாசலாகவே விட்டு வை, கேட்டிலிருந்து படிவரை நடக்க மட்டும் ஒரு வரிசை கல்லோ பிளாக்கோ போட்டுக்கொள். எங்கே பள்ளம் விழுகிறது என்று அந்த மண்ணே காட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு இங்கே வா, மழை இல்லாவிட்டாலும் நாலு குடம் தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறேன்.