அம்மம்மாவின் மண் வீட்டை எதில் கட்டுவது: பிளானட் கோஸ்டரா, பார்க்கிடெக்ட்டா?

முள்ளியவளையில் இருந்த அம்மம்மாவின் மண் வீட்டுக்கு ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அம்மா சொல்லச் சொல்ல அதை கேமுக்குள் கட்டி வருகிறேன்: திண்ணை, கிடுகுக் கூரை, பின்னுக்குத் தனிக் குசினி. முதலில் பிளானட் கோஸ்டரில் (2016) ஐந்து மாதம் கட்டினேன். இப்போது பார்க்கிடெக்ட்டில் (2018). இரண்டுமே தீம் பார்க் நடத்தும் கேம்கள். றோலர் கோஸ்டர், வரவு செலவு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் கட்டடத்தை மட்டும் பார்க்கிறேன்.

அழகுக்கு பிளானட் கோஸ்டர்தான். அலங்காரத் துண்டுகளை எந்தப் பக்கமும் சரிக்கலாம், ஒன்றுக்குள் ஒன்றைச் செருகலாம். வேய்ந்து இரண்டு மாரி கண்ட கூரையில் ஒரு கிடுகாவது தொங்கும். அதைக்கூடக் காட்ட முடிந்தது. கேமில் பொழுதுபட்டதும் திண்ணையில் ஒரு விளக்கை வைத்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

என்னை மாற வைத்தது திருத்த வேலை. ஞாபகத்திலிருந்து கட்டும் வீடு ஒரே நாளில் சரிவராது. "திண்ணை இவ்வளவு உயரமில்லையடா, இருந்தா கால் நிலத்தில முட்டும்" என்பா அம்மா. திண்ணையை இறக்கினால் அதில் நிற்கும் கப்புக்குக் (மரத் தூணுக்கு) கீழே இடைவெளி விழும். பிளானட் கோஸ்டரில் துண்டின் அளவை நீட்டவோ குறுக்கவோ முடியாது. இன்னொரு கப்பைச் செருகித்தான் மறைக்க வேண்டும். கூரைக்கு மட்டும் அறுநூறு துண்டுக்கு மேல் போட்டிருந்தேன். சரித்து வைத்தவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருத்த ஒரு இரவு போய்விடும். என் லப்டொப்பில் 8 ஜிபி மெமரி. அந்தக் கேம் கேட்கும் ஆகக் குறைந்த அளவே அதுதான். துண்டு கூடக் கூட, கமெராவைத் திருப்பினாலே படம் விக்கி விக்கித்தான் நகரும்.

பார்க்கிடெக்ட்டில் துண்டுகள் கட்டத்துக்குக் கட்டம் பொருந்தி நிற்கும். ஒன்றை இறக்கினால் அடுத்து எதைத் தொட வேண்டும் என்று பார்த்தவுடனே விளங்கும். தோற்றம் விளையாட்டு வீடு மாதிரித்தான். தொங்கும் கிடுகு போனது எனக்குக் கவலைதான். ஆனால் இங்கே கட்டடத்துக்கு ஒரு வேலையும் உண்டு. கடைக்குப் பெட்டி சுமக்கும் வேலையாட்கள் பார்க்குக்கு வந்தவர்களின் கண்ணில் பட்டால் அவர்களுக்குப் பிடிக்காது. பின்புறத்தைச் சுவரோ மரமோ வைத்து மறைக்க வேண்டும். குசினியைப் பின்னுக்குத் தள்ளி, வேலி அடைத்து வைத்திருந்த அம்மம்மாவின் வளவு அதற்கு அப்படியே பொருந்தியது.

இன்னொன்று, பார்க்கிடெக்ட்டில் கட்டடத்தைச் சேமித்தால் அது ஒரு பிஎன்ஜி படமாக விழும். வீட்டின் முழு விபரமும் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கும். புதுக்குடியிருப்பில் இருக்கும் மச்சானுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "படம் வந்திட்டுது, வீடு வரேல்லையடா" என்றான். படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். டொக்கியுமென்டாக அனுப்பிய பிறகுதான் வீடு போய்ச் சேர்ந்தது.

2024இல் வந்த பிளானட் கோஸ்டர் 2இல் துண்டுகளின் அளவை மாற்றலாம். ஒரு கூட்டாளி வீட்டில் இரண்டு மணித்தியாலம்தான் தொட்டுப் பார்த்தேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நல்ல மெசின் இருப்பவர்கள் முதலில் அதைப் பார்க்கலாம்.

கிணறு குசினிக்கு வடக்கே என்கிறா அம்மா, கிழக்கே என்கிறார் மாமா. இரண்டு விதமாகவும் கட்டிச் சேமித்து, இரண்டு படத்தையும் மாமாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.